குப்பிக்குள் ஒரு மிளகு

போன மாதம் ரேவதி வாட்ஸ்அப்பில் ஒரு பெண்ணின் முகத்தை அனுப்பி, "சிஸ்டர், இது மருவா மச்சமா? சுட்டுரலாமா?" என்று கேட்டிருந்தாள். பார்த்தவுடன் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இமை நீண்டு, உதடு சிவந்து, கன்னம் பொம்மைக் கன்னம்போல வழுவழுவென்று இருந்தது. எல்லாம் செல்போன் தானாகப் போட்டுவிட்ட மேக்கப். அதற்கு நடுவே இடது கண்ணுக்குக் கீழே ஒரு கருப்புத் திட்டு. அதையும் செல்போன் பாதி அழித்து வைத்திருந்தது. பார்க்க வேண்டியதை அழித்துவிட்டு இது என்ன என்று கேட்டால் நான் என்ன சோசியமா சொல்ல முடியும்?

ரேவதி என்னோடு தென்காசி தோல் கிளினிக்கில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு, பதினைந்து வருடத்துக்கு முன்னால் விலகியவள். கெட்டிக்காரி, கை நடுங்காது. இப்போது குற்றாலம் ரோட்டில் ஒரு பெண்கள் பியூட்டி பார்லரில் இருக்கிறாள். அங்கே பேனா மாதிரி ஒரு கருவியை ஆன்லைனில் வாங்கி வைத்திருக்கிறார்களாம். தொட்டால் பொறி பறக்கும், மச்சம் மறைந்துவிடும். எடுத்ததை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"எடுக்கதுக்கு என்ன சிஸ்டர் இருக்கு? கருகிப் போயிருது. தொடச்சு டஸ்ட்பின்ல போட்டுருதோம்" என்றாள்.

முப்பத்தோரு வருடம் ஊரார் முகங்களைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இனி யாருடைய மூக்கையும் கன்னத்தையும் பற்றிக் கவலைப்பட மாட்டேன் என்று சபதம் எடுத்திருந்தேன். டஸ்ட்பின் என்ற ஒரு சொல் அந்தச் சபதத்தைக் கெடுத்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் நர்சிங் படித்தது நாகர்கோவிலில். தோலைப் பற்றி எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது சொறி, சிரங்கு, தொழுநோய், அவ்வளவுதான். தென்காசியில் ஒரு டாக்டர் புதிதாகத் தோல் கிளினிக் தொடங்கியிருக்கிறார், ஆள் கேட்கிறார் என்றார்கள். சொந்த ஊர்ப் பக்கமாயிற்றே என்று சேர்ந்தேன். கோயில் கோபுர வாசலில் அடிக்கிற காற்றில் பாதி எங்கள் கிளினிக் தெருவுக்குள் நுழைந்துவிடும். ஜன்னலைத் திறந்தால் பஞ்சு பறக்கும், மூடினால் டாக்டர் சத்தம் போடுவார். அவருக்கு ஜன்னல் வெளிச்சம் இல்லாமல் முகம் பார்க்க வராது.

டாக்டரின் முறைகளே தனி. யார் வந்தாலும் முதலில் பின்பக்கக் குழாயில் சோப்புப் போட்டு முகம் கழுவ வேண்டும். பவுடர், சந்தனம், திருநீறு, குற்றாலத்தில் தேய்த்த எண்ணெய் எல்லாம் போக வேண்டும். கல்யாண வீட்டுக்குப் போகிற வழியில் வந்த அம்மாக்கள் என்னை முறைத்த முறைப்பு இன்னும் மறக்கவில்லை. கழுவி வந்ததும் ஜன்னலோரம் உட்காரவைத்து, லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு பார்ப்பார். சாரல் காலத்தில் வானம் மூடிக் கிடந்தால் பார்க்கவே மாட்டார். மேகம் விலகட்டும் என்பார். சீசன் நாளில் குற்றாலத்துப் பக்கம் மேகம் எப்போது விலகுவது? பெஞ்சில் பன்னிரண்டு பேர் சூரியனுக்காகக் காத்திருப்பார்கள். எல்லாருக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

பார்த்துவிட்டு மூன்று கேள்வி கேட்பார். எத்தனை நாளாக இருக்கிறது? எப்போதாவது ரத்தம் வந்ததா? நீங்களாக ஏதாவது செய்தீர்களா? மூன்றாவது கேள்விக்கு எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி, "ஒண்ணும் செய்யல டாக்டர்" என்பார்கள். டாக்டர் பேசாமல் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அரை நிமிடத்தில் உண்மை வரும். தலைமுடியை வைத்து இறுக்கிக் கட்டியிருப்பார்கள். சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைத்திருப்பார்கள். அம்மான் பச்சரிசிச் செடியின் பாலைத் தடவியிருப்பார்கள். ஊதுபத்தியால் சுட்டவர்களும் உண்டு. செங்கோட்டையிலிருந்து வந்த ஒருவர் முந்திரிக்கொட்டை எண்ணெயைக் கன்னத்தில் வைத்து, கடுகு அளவு இருந்த மருவுக்குப் பதிலாக எலுமிச்சை அளவில் புண்ணைக் கொண்டுவந்தார். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதைதான்.

இதில் கொடுமை என்னவென்றால், முகத்தில் வருகிற முளைகளில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாதவை. கழுத்திலும் இமையிலும் தொங்குகிற பாலுண்ணி, தாய்க்கும் மகளுக்கும் ஒரே மாதிரி கன்னத்தில் இறைந்து கிடக்கிற கருப்புப் பொட்டுகள், தோலுக்கு அடியில் ரவை மாதிரி வெள்ளை மணிகள், வயதானவர்களுக்கு நெற்றியோரம் ஒட்டவைத்ததுபோல் வருகிற தடித்த மரு. எல்லாம் பார்வைக்குத்தான் தொந்தரவு. டாக்டர் பாதிப் பேரிடம், "இது ஒண்ணும் செய்யாது, விட்டுருங்க" என்றுதான் சொல்லுவார். அதற்கும் கோபம் வரும். பஸ் ஏறி வந்தது இதைக் கேட்கவா என்று என்னிடம் சண்டை பிடிப்பார்கள்.

எடுத்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு மரத்துப்போகிற களிம்பைப் பூசி முக்கால் மணி நேரம் உட்காரவைப்பேன். பிறகு கரண்டு ஊசி. நுனியை மட்டும் தொட்டுத் தொட்டு எடுப்பார் டாக்டர். முடி கருகுகிற வாடை வரும். அந்த வாடைக்கே மயங்கி விழுகிற ஆண்கள் ஏராளம். முடிந்ததும் நான் படித்துப் படித்துச் சொல்லுவேன். பொருக்கைப் பிய்க்காதீர்கள், வெயிலில் அலையாதீர்கள், பத்து நாளைக்கு அருவிப் பக்கம் போகாதீர்கள். செவிடன் காதில் ஊதிய சங்கு. இங்கிருந்து நேரே மெயினருவிக்குப் போய், விழுகிற தண்ணீருக்கு அடியில் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். நோய் தீர்க்கிற தண்ணீராம். நாலாம் நாள் பொருக்குப் போய், சீழ் வைத்து, "சிஸ்டர் சரியா மருந்து வைக்கல" என்று புகாரோடு வருவார்கள்.

இன்னொன்று, எடுத்ததைத் திருப்பிக் கேட்பது. எங்கள் பக்கத்தில் மரு வந்தால் உப்பும் மிளகும் வாங்கிக் கோயில் தெப்பக்குளத்தில் போடுவதாக நேர்ந்துகொள்வார்கள். உப்பு கரைகிற மாதிரி மருவும் கரைய வேண்டும் என்பது கணக்கு. மரு கரையாதவர்கள்தான் எங்களிடம் வருவது. வந்து எடுத்தபிறகு, அந்த மருவையே உப்பு மிளகோடு சேர்த்துப் போட்டால்தான் நேர்ச்சை தீரும் என்று சிலர் கேட்பார்கள். நான் கிறிஸ்தவக் குடும்பம். முதலில் எனக்கு இது விளங்கவே இல்லை. டாக்டர் ஒரு வழி வைத்திருந்தார். சாதாரணப் பாலுண்ணி என்றால் பஞ்சில் பொதிந்து கொடுத்துவிடச் சொல்வார். சந்தேகம் இருந்தால் சுடவே மாட்டார். ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, பிளேடால் மேலாகச் சீவி எடுத்து, கெட்டுப்போகாமல் இருக்கப் பார்மலின் ஊற்றிய குப்பியில் போடுவார். பேர், வயது, எந்த இடம் என்று ஒட்டி, திருநெல்வேலி லேபுக்கு அனுப்ப வேண்டும். அப்போது லேபிலிருந்து வந்து வாங்கிப் போகிற கொரியர் கிடையாது. நோயாளியின் ஆட்களே பஸ்ஸில் கொண்டு போவார்கள்.

இப்போது முருகையா அண்ணாச்சியின் கதைக்கு வருகிறேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், சீசன் தொடங்குவதற்கு ஒரு மாதம் இருக்கையில், இலத்தூரிலிருந்து அவரும் பெண்சாதி சுப்புலட்சுமியும் வந்தார்கள். சுப்புலட்சுமிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சீசனுக்குக் குற்றாலத்தில் நேந்திரங்காய்ச் சிப்ஸ் போட்டு விற்பவர். மூக்கின் வலது பக்கம் மிளகு அளவில், மிளகு நிறத்தில் ஒரு முளை. இரண்டு வருடமாக இருக்கிறது. ரத்தம் வந்ததா என்று கேட்டதற்கு, துண்டு பட்டால் எப்போதாவது கசியும் என்றார்.

டாக்டர் லென்ஸை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நாற்காலியை ஜன்னல் பக்கம் இன்னும் தள்ளிப்போட்டுப் பார்த்தார். எனக்கு அந்தப் பழக்கம் தெரியும், மனசு சரியில்லை என்று அர்த்தம். அவர்கள் வெளியே போனதும் என்னிடம் சொன்னார். விளிம்பு பளபளப்பாக இருக்கிறது, மெல்லிய ரத்தக் குழாய் ஓடுகிறது. வெறும் மருவாகவும் இருக்கலாம். ஒரு வகைத் தோல் புற்றும் இப்படித்தான் இருக்கும், மெதுவாக வளரும், விட்டுவைத்தால் மூக்கைத் தின்றுவிடும். லேபில் பார்த்தால்தான் தெரியும்.

சீவி எடுத்தோம். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். மொத்தமே நாலு நிமிட வேலை. குப்பியில் விழுந்தபோது அது அடியில் போய்க் கருப்பாக உட்கார்ந்தது. கட்டுப் போடும்போது சுப்புலட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டு, நானும் உப்பு மிளகு நேர்ந்திருக்கிறேன், மற்றவர்களுக்கெல்லாம் பஞ்சில் பொதிந்து கொடுக்கிறீர்களே, எனக்கு மட்டும் எதற்குக் குப்பி என்று கேட்டார். அவர் பயத்தைத் தணிக்கிறேன் என்று நினைத்து, பக்கத்தில் நின்ற அண்ணாச்சிக்கும் கேட்கும்படி நான் ஒரு வார்த்தை சொன்னேன்.

"ஒண்ணுமில்லம்மா. சும்மா ஒரு பார்மாலிட்டிதான்."

அண்ணாச்சியிடம் குப்பியைக் கொடுத்து, சாய்க்கக் கூடாது, திறக்கக் கூடாது, காலிக் குப்பியாகக் கொண்டு போனால் லேபில் வாங்க மாட்டார்கள் என்று சொல்லி அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, தங்கமான மனுஷன். இவரிடம் கொடுத்தது கோட்டையில் வைத்த மாதிரி என்று நினைத்தேன்.

எட்டாம் நாள் திருநெல்வேலி லேப் டாக்டர் போன் பண்ணினார். எங்கள் டாக்டரோடு ஒன்றாகப் படித்தவர். ரிசீவரைக் காதில் வைத்த டாக்டரின் முகம் மாறியது. பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"என்ன வே, மொளகுக்கெல்லாம் பயாப்சி பாக்கதுக்கு எப்ப ஆரம்பிச்சீரு?"

அறிக்கையிலும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். தாவரப் பொருள், மனிதத் திசு எதுவும் இல்லை. நல்ல மிளகுதானாம், அறுத்தும் பார்த்துவிட்டார்கள்.

மறுநாள் அண்ணாச்சியை வரவழைத்தோம். அவர் எதையும் மறைக்கவில்லை. பெண்சாதியின் நேர்ச்சையைத் தீர்க்காமல் விட மனசு வரவில்லை. பார்மாலிட்டிக்குத்தானே என்று குப்பியைத் திறந்து, உள்ளே கிடந்ததை உப்பு மிளகோடு தெப்பத்தில் போட்டுவிட்டார். காலிக் குப்பியை வாங்க மாட்டார்கள் என்று நான் சொன்னது நினைவு வந்திருக்கிறது. கையில் மிச்சம் இருந்த மிளகில் அதே அளவாகப் பார்த்து ஒன்றை எடுத்து உள்ளே போட்டு, மூடி இறுக்கி, ஒழுங்காகக் கொண்டு போய்க் கொடுத்திருக்கிறார். சாய்க்கவே இல்லை என்றும் சொன்னார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். டாக்டர் சத்தம் போடவில்லை.

"எந்தத் தெப்பம்?"

"எங்க ஊர்த் தெப்பந்தான் டாக்டர்."

"தண்ணி கெடக்கா?"

"கெடக்கு. மீனும் கெடக்கு."

டாக்டர் லென்ஸைத் துடைத்தார். அண்ணாச்சி போனபிறகு, "அவருட்ட என்ன சொல்லி அனுப்பினிய, சிஸ்டர்?" என்று கேட்டார். சொன்னேன். அன்று முழுவதும் கருவியைப் பேர் சொல்லிக்கூடக் கேட்கவில்லை, கையை மட்டும் நீட்டினார். அதற்கு நாலு அறை அறைந்திருக்கலாம்.

இனி ஒரே வழிதான். தழும்பு இருக்கிற இடத்தைச் சுற்றி இன்னும் ஆழமாக வெட்டி எடுத்துப் பார்க்க வேண்டும். மூக்கில் தையல் வரும், அடையாளம் நிற்கும். சுப்புலட்சுமி வர மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். சாமிக்குக் கொடுத்தாயிற்று, புண்ணும் ஆறிவிட்டது, சீசன் வேறு தொடங்கப் போகிறது. இரண்டு தடவை ஆள் விட்டும் வரவில்லை. எனக்கு ராத்தூக்கம் போயிற்று. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் அந்த மூக்கு எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் குனிந்துகொண்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் இலத்தூர் பஸ் ஏறினேன். வெயில், பசி, கோபம். யார் மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை. அவர்கள் வீட்டு முற்றத்தில் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. சுப்புலட்சுமி சிப்ஸை அரித்துக்கொண்டே, உட்காருங்கள் என்றார். அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்காமல் வாழைக்காய் சீவினார்.

"சாமிக்குக் குடுத்தது திரும்பி வராது சிஸ்டர். நீங்க எதுக்கு இம்புட்டுத் தூரம் அலையுதிய?" என்றார் சுப்புலட்சுமி.

வரும் வழியெல்லாம் புத்திமதி யோசித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் வேறுதான் வந்தது.

"பார்மாலிட்டின்னு நான் சொன்னது பொய். அது புத்துநோயா இருக்குமோன்னு டாக்டருக்குச் சந்தேகம். நீங்க பயப்படுவியன்னு நான் மறைச்சுட்டேன். அண்ணாச்சி மேல தப்பில்ல. எம் மேலதான்."

சுப்புலட்சுமி அரிகரண்டியைத் தட்டில் வைத்தார். அடுப்பை அணைத்தார்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தியன்னா, அந்தக் குப்பிய நானே எம் மடியில வச்சுக் கொண்டு போயிருப்பேன்லா" என்றார்.

இத்தனை வருடமாக, படிக்காத ஜனங்கள் சொன்னதைக் கேட்பதில்லை என்று அலுத்துக்கொண்டவள் நான். இவர்கள் நான் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் கேட்டிருக்கிறார்கள். அதுதான் கோளாறாகிவிட்டது. அங்கேயே அழுதுவிட்டேன். அண்ணாச்சி எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

புதன்கிழமை வந்தார்கள். முகம் கழுவி, ஜன்னலோரம் உட்காரவைத்து, டாக்டரே எல்லாவற்றையும் சொன்னார். அரை மணி நேரம் ஆயிற்று, நாலு தையல். இந்த முறை குப்பியைத் திருநெல்வேலிக்குக் கொண்டு போனது நான். பஸ் குலுங்குகிற இடத்திலெல்லாம் எடுத்துப் பார்த்தேன், உள்ளே கிடக்கிறதா என்று.

பத்தாம் நாள் அறிக்கை வந்தது. வெறும் வடு, வேறு ஒன்றும் இல்லை. எனக்கு ஓடிப்போய் யாரையாவது கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. இப்போது அங்கே எதுவும் இல்லை, அது நல்லதுதான், ஆனால் முதலில் எடுத்தது என்ன என்பதை இந்தத் தாள் சொல்லாது என்றார்.

"அப்ப அது என்னது டாக்டர்?" என்று சுப்புலட்சுமி கேட்டார்.

"தெரியாதும்மா."

அவர் ஒரு நோயாளியிடம் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டது அன்று ஒரு தரம்தான். கேஸ் தாளிலும் அப்படியே எழுதினார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து மூக்கைக் காட்ட வேண்டும் என்றார். பன்னிரண்டு வருடமாக சுப்புலட்சுமியும் தவறாமல் வருகிறார். ஒன்றும் திரும்ப வரவில்லை. டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது இருக்கிற இளம் டாக்டர் அம்மா, செல்போனில் மாட்டுகிற லென்ஸால் பார்க்கிறார். ஆனாலும் அது மருவா புற்றா என்பது இன்றுவரை எங்கள் யாருக்கும் தெரியாது. தெரிந்தது இலத்தூர்த் தெப்பத்து மீனுக்கு மட்டும்தான்.

அண்ணாச்சியை மட்டும் அந்த மிளகு விடவில்லை. அந்தப் பக்கத்தில் யாருக்கு முகத்தில் எது முளைத்தாலும் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். குப்பி கொடுத்தால் தானே வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "உள்ள கெடக்கா சிஸ்டர்?" என்று கேட்டு, கண்ணால் பார்த்தபிறகுதான் மஞ்சப்பையில் வைப்பார். மடியை விட்டு இறக்க மாட்டார். கொரியர் வந்தபிறகும் நம்பவில்லை. வேலை நேரத்தில் ஒவ்வொரு குப்பிக்கும் இந்தச் சோதனையா என்று எனக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருக்கும்.

ரேவதி விஷயத்தைப் பாதியில் விட்டுவிட்டேன். அந்தப் பெண்ணை முகம் கழுவச் சொல்லி, ஜன்னலோரம் நிற்கவைத்து, மேக்கப் போடாத படம் அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்த விளிம்பின் பளபளப்பு எனக்குப் பிடிக்கவில்லை. தொடாதே, டாக்டரிடம் அனுப்பு என்றேன். அந்தப் பெண் அடுத்த வாரம் துபாய்க்குப் புருஷனிடம் போகிறாளாம், நாளைக் காலை பத்து மணிக்குச் சுட்டுவிட வேண்டும் என்று நிற்கிறாளாம், ஓனர் அம்மாவும் விட மாட்டாராம். ரேவதியிடம் எவ்வளவு கத்தினாலும் அவள் என்ன செய்வாள்? போனை வைத்துவிட்டு இலத்தூருக்குப் போன் போட்டேன்.

மறுநாள் பத்தரை மணிக்கு ரேவதி கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"சிஸ்டர், இங்கன ஒரு அண்ணாச்சி வந்து பார்லர் வாசல்ல உக்காந்திருக்காரு. லேடீஸ் மட்டுந்தான்னு சொன்னாலும் போக மாட்டேங்காரு. மடியில ஒரு மஞ்சப்பை, அதுக்குள்ள வெறும் பாட்டில். அந்த அக்காட்ட ஏதோ மொளகு, தெப்பம், மீனுன்னு கதை சொல்லுதாரு. அவங்க எந்திரிச்சுட்டாங்க. டாக்டர்ட்டதான் போவேங்காங்க. யாரு சிஸ்டர் இவரு?"

"ஒரு ஆட்டோவக் கூப்பிட்டு ரெண்டு பேரையும் ஏத்தி விடு. பாட்டில் மட்டும் அவரு கையிலயே இருக்கட்டும்" என்றேன்.